பழைய வெள்ளிக் கரண்டி: கெட்டியா, முலாமா?

குன்னூர் பக்கம் பழைய தோட்ட பங்களா ஒன்று கைமாறினால், வெளியே வரும் சாமான்களில் ஒரு கரண்டிப் பெட்டி இருப்பது வழக்கம். பச்சைத் துணி ஒட்டிய மரப்பெட்டி. உள்ளே வரிசையாக முள்கரண்டி, சூப் கரண்டி, தேக்கரண்டி, கத்தி. எல்லாம் கறுத்துப்போயிருக்கும். விற்பவர் "வெள்ளி சார்" என்பார். லண்டனில் இருக்கும் நம்மவர்கள் இதே மாதிரிப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் பார்த்திருப்பார்கள். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், பல சமயம் அவருக்கே தெரியாது. ஆனால் கெட்டி வெள்ளிக்கும் முலாமுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. முலாம் பூசியதில் நல்ல ரகம் என்று பேரெடுத்த ஜெர்மன் கரண்டிகளில் 90 என்ற எண் குத்தியிருக்கும். 12 கரண்டி, 12 முள்கரண்டி, ஆக 24 உருப்படிக்கும் சேர்த்து 90 கிராம் வெள்ளி செலவானது என்று அதற்குப் பொருள். ஒன்றுக்கு 3.75 கிராம். அதே அளவில் ஒரு கெட்டி வெள்ளி முள்கரண்டி தராசில் 60, 70 கிராம் நிற்கும்.

இரண்டையும் பிரித்தறிய வீடுகளில் சொல்லப்படும் சோதனைகளில் பாதி வேலைக்கு ஆகாது. முலாம் பூசிய கரண்டியின் மேல்தோல் உண்மையான வெள்ளி என்பதை அவை மறந்துவிடுகின்றன. கறுக்கிறதா என்று பார் என்பார்கள். காற்றிலும் முட்டையிலும் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கிறது. முலாமும் வெள்ளிதான், அதுவும் கறுக்கும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார் என்பார்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, சந்தேகமில்லை. ஒட்டாவிட்டால் எதுவும் தெரியாது. முலாம் கரண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் உடம்பு ஜெர்மன் சில்வர், அதாவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். நிக்கல் தனியாக இருந்தால் காந்தத்துக்கு இழுபடும், இந்தக் கலவையில் இழுபடாது. நவராத்திரி கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வைத்துக்கொடுக்கும் ஜெர்மன் சில்வர் கிண்ணத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். பெயரில் சில்வர் இருக்கிறதே தவிர அதில் ஒரு குன்றிமணி வெள்ளி கிடையாது. தட்டினால் மணி போல ஒலிக்கும் என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஜெர்மன் சில்வரும் நன்றாகவே ஒலிக்கும்.

ஆகவே முதலில் கரண்டியைக் குப்புறப் போட்டு, காம்பின் பின்பக்கத்தை ஒரு லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் போதும். நம் ஊரில் கிடைக்கும் பழைய மேஜைக் கரண்டிகளில் பெரும்பங்கு பிரிட்டனில் செய்தவை, அங்கே வெள்ளிக்கு முத்திரை குத்துவது 700 ஆண்டுக்கு மேற்பட்ட சட்டம். 1300ஆம் ஆண்டு முதலாம் எட்வர்டு காலத்தில் சிறுத்தைத் தலை முத்திரை வந்தது. 1363இல் செய்தவரின் குறி கட்டாயமானது. 1478இல் ஆண்டைக் காட்டும் எழுத்து சேர்ந்தது. 1544இல் நடக்கும் சிங்கம். இந்தச் சிங்கம்தான் நமக்கு முக்கியம்: இடப்பக்கம் பார்த்து, முன்கால் ஒன்றைத் தூக்கி நடக்கும் சின்னஞ்சிறு சிங்கம் இருந்தால், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று இங்கிலாந்தில் சோதித்து உறுதி சொன்னதாக அர்த்தம். ஸ்டெர்லிங் என்பது இந்தத் தரம். 1697 முதல் 1720 வரை மட்டும் தரத்தை 958க்கு உயர்த்தி, சிங்கத்துக்குப் பதில் அமர்ந்திருக்கும் பிரிட்டானியா பெண்ணுருவத்தைக் குத்தினார்கள். வெள்ளி நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்வதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது.

சிங்கத்துக்குப் பக்கத்தில் எந்த ஊர் என்பதற்கு ஒரு சின்னம். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், பிறகு ரோஜா. எடின்பரோவுக்குக் கோட்டை, அங்கே சிங்கத்துக்குப் பதில் 1759 முதல் 1974 வரை முட்செடிப் பூ. கடலே இல்லாத பர்மிங்காமுக்கு நங்கூரம் எப்படி வந்தது? 1773இல் அந்த ஊருக்கும் ஷெஃபீல்டுக்கும் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் சோதனைச் சாலை கேட்டு லண்டனில் காத்திருந்தவர்கள் கூடிப் பேசிய விடுதியின் பெயர் "கிரீடமும் நங்கூரமும்", அதனால் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, சின்னங்கள் நினைவில் நிற்க உதவுகிறது. 1784 முதல் 1890 வரை இன்னொரு முத்திரையும் கூடச் சேரும்: வெள்ளிக்கு வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலை. விக்டோரியாவின் பக்கவாட்டு முகம் சிங்கத்தோடு சேர்ந்து தெரிந்தால் கரண்டி 1890க்கு முந்தியது.

முத்திரை எங்கே இருக்கிறது என்பதும் காலத்தைச் சொல்லும். சுமார் 1780 வரை காம்பு ஒடுங்கிக் குழியோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் குத்தினார்கள். அந்த ஒடுங்கிய இடத்தில் குத்திய பிறகு கரண்டியைத் தட்டி நிமிர்த்தியிருப்பார்கள். அதனால் முத்திரைகள் நசுங்கி, பாதி அழிந்து காணப்படும். அதற்குப் பிறகு காம்பின் அகலமான மேல்நுனிக்கு மாற்றினார்கள். பழைய தேக்கரண்டிகளில் இடம் போதாமல் சிங்கமும் செய்தவர் குறியும் மட்டும் இருப்பது சாதாரணம், ஊரும் ஆண்டும் இல்லையே என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இனி முலாம்காரர்கள் பக்கம். 1743 வாக்கில் ஷெஃபீல்டில் தாமஸ் பூல்சோவர் என்ற கத்திக் கைவினைஞர், செம்புக் கட்டிமேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூடாக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு சேர்த்தே தகடாக உருட்டலாம் என்று கண்டுபிடித்தார். பழைய ஷெஃபீல்டு முலாம் என்பது அது. தட்டு, மெழுகுவர்த்தித் தண்டு, தேநீர்க் கெண்டி எல்லாம் அதில் பிரமாதமாக வந்தன. கரண்டிக்கு அது தோதுப்படவில்லை. எல்லாப் பக்கமும் விளிம்பு உள்ள பொருளில் வெட்டிய இடமெல்லாம் செம்பு எட்டிப் பார்க்கும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் முலாம் கரண்டி அந்த வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. அது அநேகமாக 1840க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டு பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பம் மின்சாரத்தால் வெள்ளி படிய வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. வடிவம் முழுவதையும் மலிவான உலோகத்தில் செய்து முடித்துவிட்டு, சயனைடு கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், விளிம்பு வேலைப்பாடு எல்லாவற்றின் மேலும் வெள்ளி ஒரே சீராகப் படியும். சில பத்தாண்டுகளில் பழைய ஷெஃபீல்டு முறை ஏறக்குறைய படுத்துவிட்டது. நடுத்தரக் குடும்பம், ஹோட்டல், கப்பல், கிளப் என்று எல்லா மேஜைக்கும் வெள்ளி வந்தது.

வந்ததோடு நிற்கவில்லை, வெள்ளியின் முத்திரை வரிசையும் கூடவே வந்தது. கள்ள முத்திரை குத்தினால் கடும் தண்டனை, ஆகவே சிங்கத்தைத் தொடவில்லை. பதிலாக, தூரத்தில் பார்த்தால் ஹால்மார்க் போலத் தெரியும்படி ஏற்பாடு செய்தார்கள். இ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்துக்குள் போட்டு, சுழி சுழியான பழைய கோதிக் எழுத்தில், ஹால்மார்க் இருக்க வேண்டிய அதே இடத்தில் வரிசையாகக் குத்தினார்கள். ஜெர்மன் சில்வரின் மேல் மின்முலாம் என்பது அந்த எழுத்துகளின் விரிவு. இ.பி.பி.எம். என்றிருந்தால் உள்ளே தகரமும் ஆன்டிமனியும் கலந்த மெத்தென்ற உலோகம். ஏ 1 என்பது முலாமின் தடிமனுக்குக் கம்பெனி தானே போட்டுக்கொண்ட மார்க்கு. ஷெஃபீல்டு என்று ஊர்ப் பெயர் எழுத்தில் இருந்தால் வெள்ளி என்று நம்புகிறவர்கள் நிறைய. முலாம் கரண்டிகள் மலை மலையாகச் செய்யப்பட்ட ஊரும் அதேதான். எல்கிங்டன் தன் முலாம் சாமான்களிலேயே ஆண்டு எழுத்தும் குத்தியது. அதனால் கேடயமும் எழுத்தும் சேர்ந்து இருப்பது மட்டும் சான்றாகாது. சிங்கம் எங்கே என்று தேடுங்கள். இங்கிலாந்துக் கரண்டியைப் பொறுத்தவரை ஒரு நடைமுறை விதி எனக்குப் பழகிப்போயிற்று: கெட்டி வெள்ளியில் பெரும்பாலும் மிருகமும் தலையும் ஓரிரு எழுத்துமாக நாலைந்து குத்துகள்தான் இருக்கும். காம்பு முழுக்கப் பெயர், தரம், ஊர், ரகம் என்று வாசகம் ஓடினால் சந்தேகப்படத் தொடங்கலாம்.

வேறு நாட்டுக் கரண்டிகளில் எண்கள் குழப்பும். ஜெர்மனியில் 1888 முதல் பிறைநிலா, கிரீடம் இரண்டோடு 800 என்ற எண் இருந்தால் ஆயிரத்துக்கு 800 பங்கு கெட்டி வெள்ளி. மூன்று இலக்கம், அதுவும் 800, 830, 835, 925 போல இருந்தால் நம்பத் தொடங்கலாம். இரண்டு இலக்கம் வேறு கதை. 90ஐப் பற்றி முன்பே சொன்னேன், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி என்று படிப்பவர் ஏமாந்தார். 84 இன்னும் வேடிக்கை. ரஷ்யப் பேரரசின் கரண்டியில் 84 இருந்தால் 96க்கு 84 பங்கு, அதாவது ஆயிரத்துக்கு 875 பங்கு உண்மையான வெள்ளி. பிரான்சின் கிரிஸ்டோஃப்ள் கம்பெனிக் கரண்டியில் 84 இருந்தால், முலாமுக்குச் செலவான வெள்ளியின் கிராம் கணக்கு. ஒரே எண், ஒன்று கெட்டி, மற்றொன்று முலாம். பிரான்சின் கெட்டி வெள்ளிக்கு எண்ணே தேவைப்படவில்லை. 1838 முதல் தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவியின் தலை அங்கே சான்று. அமெரிக்காவிலிருந்து வந்தவற்றில் "1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்" என்று பார்த்துவிட்டு, 170 ஆண்டுப் பழசு என்று பரவசப்படுகிறார்கள். அந்த 1847 வணிகப் பெயரின் ஒரு பகுதி. இருபதாம் நூற்றாண்டில் செய்ததிலும் அதே 1847தான், எல்லாம் முலாம். அமெரிக்கக் கெட்டி வெள்ளியில் நேரடியாக ஸ்டெர்லிங் என்று எழுத்திலேயே குத்தியிருப்பார்கள். நெவாடா சில்வர், அல்பாக்கா போன்ற பெயர்கள் எல்லாம் ஜெர்மன் சில்வரின் உறவுமுறை.

சிங்கம் இல்லாவிட்டால் வெள்ளியே இல்லை என்று முடிவு கட்டினால் நம் ஊர் வெள்ளிக்கு அநியாயம் செய்ததாகிவிடும். பிரிட்டிஷ் இந்தியாவில் வெள்ளிக்குச் சோதனைச் சாலை முத்திரை என்ற ஏற்பாடே இருந்ததில்லை. மவுண்ட் ரோட்டில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை ஒரு காலத்தில் கடிகாரத்தோடு வெள்ளிச் சாமானுக்கும் பேர்போனது. காம்பில் தெய்வ உருவம் எழும்பி நிற்கும் "சுவாமி" வேலைப்பாட்டுக் கரண்டிகளை வெள்ளைக்காரர்கள் ஊருக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அவற்றில் கடையின் பெயர் மட்டும் இருக்கும், சில உள்ளூர் வேலைகளில் அதுவும் இருக்காது. கல்கத்தாவின் ஹாமில்டன் கம்பெனி போன்றவர்கள் தங்கள் பெயர் எழுத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சின்னத்தைத் தாங்களே குத்திக்கொண்டார்கள். பத்தர்கள் உருக்கியது பல நேரம் ரூபாய் நாணயத்தை, அந்த நாணயத்தில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. அதாவது முத்திரையே இல்லாத மதராஸ் கரண்டி, கேடயம் கேடயமாய் முத்திரை குத்திய ஷெஃபீல்டு கரண்டியைவிடப் பல மடங்கு வெள்ளி கொண்டதாக இருக்கக்கூடும். இவற்றுக்கு முத்திரை படிப்பது உதவாது, உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

உடம்பில் முதலில் தேய்மானம். கரண்டியைக் கிடத்தினால் மேஜையில் படும் இடம் குழியின் அடிமேடு. அங்கேதான் முலாம் முதலில் விடைபெறும். முள்கரண்டியில் முள் நுனிகள், காம்பு வளைந்து தரையில் படும் புள்ளி. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து அந்த இடங்களைப் பாருங்கள். முலாம் தேய்ந்த இடத்தில் சுற்றியுள்ள வெண்மைக்குள் மஞ்சள் கலந்த சாம்பல் நிறத் தீவு ஒன்று, ஓரம் கலைந்து தெரியும். அது ஜெர்மன் சில்வர். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் செம்பு. கெட்டி வெள்ளியும் தேயும், முள் நுனிகள் வழவழத்துக் குட்டையாகும், ஆனால் நிறம் மாறாது. எத்தனை தேய்ந்தாலும் அடியிலும் அதே வெள்ளிதான்.

இரண்டாவது சூடு. எல்லா உலோகங்களிலும் வெப்பத்தைச் சிறப்பாகக் கடத்துவது வெள்ளி. ஜெர்மன் சில்வர் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஒழுங்காகக் கடத்தாது. ஒரு டம்ளரில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றி, சந்தேகக் கரண்டியையும் ஒரு முலாம் கரண்டியையும் சேர்த்து நிறுத்தி, இரண்டின் காம்பையும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கெட்டி வெள்ளியின் காம்பு சில நொடிகளில் சுடத் தொடங்கும், முலாம் கரண்டி நிதானமாகத்தான் சூடேறும். இதில் ஏமாற்றக்கூடியது உள்ளே செம்பு உள்ள சாமான் மட்டும், செம்பும் நன்றாகக் கடத்தும். கரண்டியில் அந்த வகை அரிது என்பதால் இந்தச் சோதனை நம்பகமானதே.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இதற்குக் கண்ணும் விரலும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெர்லிங் வெள்ளியின் அடர்த்தி 10.36. ஜெர்மன் சில்வர் 8.7 அளவில் நிற்கும். 0.1 கிராம் காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு வேண்டும். கரண்டியை நிறுங்கள், 72.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தண்ணீர் நிறைந்த உயரமான டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கரண்டியை நூலில் கட்டி முழுதும் முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், கரண்டி ஒதுக்கிய தண்ணீரின் எடை. 7.0 காட்டினால் 72.5ஐ 7.0ஆல் வகுக்க 10.36, கெட்டி வெள்ளி. 8.3 காட்டினால் 8.7, முலாம். ஒட்டிய காற்றுக்குமிழியை உதறிவிட வேண்டும், அது எண்ணை ஏற்றிக் காட்டும். தேக்கரண்டி போன்ற சின்னச் சாமானில் வித்தியாசம் அரை கிராமுக்கும் கீழே போய்விடும், அப்போது ஒரே செட்டின் ஆறு கரண்டியைச் சேர்த்துக் கட்டிச் செய்தால் தெளிவாகத் தெரியும்.

அடகுக் கடையில் உரைகல்லில் இழைத்து அமிலம் விடுவார்கள். மேலாக இழைத்தால் முலாமின் வெள்ளிதான் கல்லில் விழும், ஆகவே தெரிந்தவர்கள் மறைவான இடத்தில் அரத்தால் ஒரு கீறு போட்டுவிட்டு உள்ளே இருப்பதை இழைப்பார்கள். அரம் போட்ட வடு மாறாது, விலை மதிப்புள்ள பழைய கரண்டியில் அதைச் செய்யவிடாதீர்கள். நகைக்கடைகளில் உள்ள எக்ஸ்-ரே மெஷினும் மேற்பரப்பைத்தான் படிக்கும், ஆழத்தைப் படிக்காது. தடித்த முலாமை அது வெள்ளி என்றே சொல்லிவிடலாம். மெஷின் சொன்னதை அடர்த்தியோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நிம்மதி.

கத்திகளுக்கு மேலே சொன்ன எதுவும் முழுசாகப் பொருந்தாது. மேஜைக் கத்தியின் அலகு எஃகு; பிடி வெள்ளியாக இருந்தாலும் அது மெல்லிய கூடு, உள்ளே பிசின் போன்ற பூரணம். எடை போட்டு வெள்ளி விலை கேட்பவர் பிசினையும் சேர்த்து விற்கிறார். அதே பெட்டியில் கரண்டி கெட்டி வெள்ளியாகவும் கத்தி முலாமாகவும் இருப்பது சகஜம். கத்தியில் ஒன்றைக் கவனிக்கலாம்: அலகில் ஸ்டெயின்லெஸ் என்று இருந்தால் அந்த அலகு 1913க்குப் பிந்தியது, துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கிய ஆண்டு அது. பிடியில் பழைய முத்திரையும் அலகில் ஸ்டெயின்லெஸும் சேர்ந்திருந்தால், யாரோ அலகை மாற்றியிருக்கிறார்கள்.

முத்திரை உண்மையாகவே இருந்தும் பொருள் பொய்யாக இருக்கும் வகை ஒன்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு முள்கரண்டிகள் அதே காலத்துக் கரண்டிகளைவிடக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன, விலையும் அதிகம். அதனால் பழைய சூப் கரண்டியின் குழியை வெட்டித் தட்டி முள்ளாக்கியிருப்பார்கள். முள்ளின் அடி இயல்புக்கு மாறாக மெலிந்தும் காம்பு மட்டும் கனமாகவும் இருந்தால் சந்தேகப்படலாம். வெறுமையாக இருந்த ஜார்ஜ் மன்னர் காலக் கரண்டிகளில் விக்டோரியா காலத்துக்காரர்கள் பழமும் இலையும் எழுப்பி, தங்கப்பூச்சும் கொடுத்துப் பழக் கரண்டியாக்கியது தனிக் கதை. அது கெட்டி வெள்ளிதான், ஆனால் வேலைப்பாட்டின் வயது முத்திரையின் வயது இல்லை.

பிரிட்டனில் 7.78 கிராமுக்கு மேற்பட்ட பொருளை வெள்ளி என்று சொல்லி விற்க ஹால்மார்க் வேண்டும். லண்டன், பர்மிங்காம், ஷெஃபீல்டு, எடின்பரோ நான்கிலும் சோதனைச் சாலைகள் இன்றைக்கும் நடக்கின்றன. அங்கே இருப்பவர்கள் தீராத சந்தேகத்தை அவர்களிடமே கொண்டுபோகலாம். இங்கே நம் வீட்டில் வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்றால், முலாம் என்று தெரிந்த கரண்டியை விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்க்காதீர்கள். கெட்டி வெள்ளிக் குத்துவிளக்கு அதைத் தாங்கும். முலாமில் ஒவ்வொரு தேய்ப்பும் இருக்கிற 3.75 கிராமிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் ஆப்பசோடாவும் போட்டு ஊறவைத்தால் கறுப்பு தானே விடும்.